ரத்தப் பைக்கு 35 நாள் ஆயுள்

ஏற்காட்டில் சிறிய தங்கும் விடுதி நடத்துவதாக உங்கள் கடிதத்தில் சொல்கிறீர்கள். 2025 ஏப்ரலில் காஷ்மீரின் பஹல்காமில் சுற்றுலாப் பயணிகள் மீது தாக்குதல் நடந்த அடுத்த சில நாட்களில் ஏரிக்கரையில் மெழுகுவர்த்தி ஏந்தி நின்றீர்கள். ஜீப் ஓட்டுநர்கள், எஸ்டேட் தொழிலாளர்கள், சர்ச்சிலிருந்து வந்தவர்கள், ஜமாத்தார் என்று ஊரே நின்றது. ஒரு மாதம்தான் ஆகிறது. சால்வை விற்க வந்திருக்கும் காஷ்மீர் இளைஞருக்கு அறை கொடுக்காதே என்று, அன்று உங்கள் பக்கத்தில் நின்ற இரண்டு பேரே வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். "அன்றைக்கு இருந்த ஒற்றுமை உண்மையா, வெறும் காட்சியா? இந்த மலை மேல் உட்கார்ந்துகொண்டு நாம் என்னதான் செய்ய முடியும்?" என்று கேட்கிறீர்கள். கேள்வி தேச ஒற்றுமையைப் பற்றியது போல எழுதப்பட்டிருந்தாலும், உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அந்த ஓர் அறை என்றே எனக்குப் படுகிறது. ஆகவே அறையைப் பற்றியும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் காவல்துறை ஆளோ பாதுகாப்பு நிபுணரோ இல்லை. சேலத்தில் ஒரு மருத்துவமனையின் ரத்த வங்கியில் 27 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கே பெரிய துயரம் நடந்தாலும் மக்கள் வந்து நிற்கிற இடங்களில் எங்கள் வராந்தாவும் ஒன்று. 'நான் என்ன செய்யட்டும்' என்று தவிக்கிறவருக்குக் கையை நீட்டுவதைவிட எளிய வழி வேறு கிடைப்பதில்லை, வந்துவிடுவார்கள். அந்த வரிசையைப் பார்த்துக் கற்றுக்கொண்டதும், அதை விளங்கிக்கொள்வதற்காகப் பிறகு தேடிப் படித்ததும்தான் என் கைவசம் இருக்கின்றன.

1998 பிப்ரவரி 14, சனிக்கிழமை. நான் வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம். பிற்பகலில் கோயம்புத்தூரில் அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்தன. 58 பேர் இறந்தார்கள், 200-க்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். பணம் வாங்கிக்கொண்டு ரத்தம் கொடுப்பதற்கு உச்ச நீதிமன்றம் விதித்த தடை அந்த ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்திருந்தது. காசுக்குக் கொடுத்தவர்கள் போய்விட்டார்கள். சும்மா கொடுப்பவர்கள் இன்னும் வந்து சேரவில்லை. எங்கள் குளிர்ப்பெட்டியில் அடித்தட்டில் மட்டும்தான் பைகள் இருந்தன. இரவு எட்டு மணிக்கெல்லாம் வராந்தா நிறைந்துவிட்டது. குகைப் பக்கத்திலிருந்து தறிக்காரர்கள், கோட்டைப் பக்கத்திலிருந்து பள்ளிவாசல் இளைஞர்கள், ஒரு கல்லூரி விடுதியே காலியாகி வந்த மாதிரி மாணவர்கள். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளிலிருந்து வந்தவர்கள் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்திருந்தார்கள். கொலுசுக்கு மெருகு போட்ட கறுப்பு விரலிடுக்கிலிருந்து முழங்கை வரை ஏறியிருந்தது. ஒரு பையனுக்கு முழங்கை மடிப்பை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தேன், பஞ்சு கறுத்தது. இன்னொன்று எடுத்தேன், அதுவும் கறுத்தது. நான்காவது பஞ்சில்தான் தோல் தெரிந்தது. அவன் வெட்கப்பட்டுக்கொண்டே, "சோப்புப் போட்டுத்தான் சார் வந்தேன்" என்றான். எடை 45 கிலோ இல்லை என்று நான் திருப்பி அனுப்பிய ஒரு பெரியவர், சட்டைப் பையில் சாவிக்கொத்தையும் சில்லறையையும் போட்டுக்கொண்டு மறுபடியும் வந்து தராசில் ஏறினார்.

அதைக் காட்சி என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அதே நேரம், அன்று நான் செய்த தவறையும் சொல்ல வேண்டும். வந்தவர்கள் எல்லாரிடமும் ரத்தம் எடுத்துவிட்டேன். யாரையும் 'அடுத்த மாதம் வாருங்கள்' என்று சொல்ல மனம் வரவில்லை; சொல்லியிருந்தால் அடித்திருப்பார்கள் என்ற பயமும் இருந்தது. இங்கிருந்து கோவைக்குத் தேவைப்பட்டது கொஞ்சம்தான். முழு ரத்தப் பையின் ஆயுள் 35 நாள். மார்ச் 21-ஆம் தேதி மிச்சமிருந்த பைகளை ஒவ்வொன்றாக எடுத்து, எண்ணைப் பார்த்து, பேரேட்டில் சிவப்பு மையால் கோடு போட்டு, அழிப்பதற்கு அனுப்பினோம். எண்ணுக்கு எதிரே பெயர் இருக்கும். அந்தப் பட்டறைப் பையனின் பெயரும் இருந்தது. பிறகு ஏப்ரலில் ஓர் இரவு பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காமல் ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். குளிர்ப்பெட்டி பழையபடி காலி. பிப்ரவரியில் கொடுத்தவர்களிடம் மூன்று மாதம் முடியும் முன் மறுபடி எடுக்கக் கூடாது. வீட்டுக்காரர்கள் ஊரெல்லாம் அலைந்து இரண்டு ஆட்களைப் பிடித்து வந்தார்கள். அவள் பிழைத்துக்கொண்டாள். ஆனாலும் அந்த நான்கு மணி நேரம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இது சேலத்தின் தனிக் கதை இல்லை என்பது பிறகு தெரிந்தது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் அமெரிக்காவில் வழக்கத்தைவிடக் கூடுதலாக ஏறக்குறைய 5 லட்சம் பேர் ரத்தம் கொடுத்தார்கள். காயத்தோடு உயிர் தப்பியவர்கள் குறைவாக இருந்ததால் அங்கே தேவை மிகச் சிறியது. 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பைகள் காலாவதியாகி வீணாயின. அதே வாரங்களில் அந்நாட்டு அதிபருக்கு இருந்த மக்கள் ஆதரவு, கேலப் கருத்துக்கணிப்பில் 51 சதவீதத்திலிருந்து 90 சதவீதத்துக்குத் தாவியது; பிறகு மாதாமாதம் இறங்கியது. இப்படிக் கொடியைச் சுற்றித் திரளும் உணர்வு எல்லா நாட்டிலும் வருகிறது, எல்லா நாட்டிலும் வடிகிறது. வடிவதால் அது பொய்யாகிவிடாது. எழவு வீட்டில் பதினாறாம் நாள் வரை இருக்கிற கூட்டம் பதினேழாம் நாள் இருப்பதில்லை. அதனால் வந்தவர்கள் நடித்தார்கள் என்று யாரும் சொல்வதில்லையே.

அந்த மே மாதம், மூன்று மாதம் முடிந்ததும், பிப்ரவரியில் கொடுத்த எல்லாருக்கும் அஞ்சலட்டை எழுதிப் போட்டேன். வந்தவர்கள் குறைவு. ஆனால் வந்தவர்கள் யார் என்பதுதான் என்னை யோசிக்க வைத்தது. தனித்தனியாக உணர்ச்சிவசப்பட்டு ஓடி வந்தவர்களில் அநேகமாக ஒருவரும் திரும்ப வரவில்லை. பட்டறையிலிருந்து சேர்ந்து வந்தவர்கள் சேர்ந்தே வந்தார்கள். பள்ளிவாசல் இளைஞர்களில் பாதிப் பேர் வந்தார்கள். பட்டறை மேஸ்திரிக்கும் அந்த இளைஞர்களில் ஒருவருக்கும் ஏற்கெனவே தொழில் வழியில் பழக்கம். 'உங்கள் ஆட்கள் போனார்களா' என்று ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். யாரைக் கேட்டாலும், 'அவர் வருகிறார் என்றார், நானும் வந்தேன்' என்ற பதில்தான். நாட்டுப்பற்று அதிகம் உள்ளவர் வந்தார், குறைவாக உள்ளவர் வரவில்லை என்று என்னால் பிரிக்கவே முடியவில்லை. இது ஆய்வு இல்லை. ஒரு பேரேட்டைப் புரட்டியவனின் அனுமானம். அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வாகச் செய்தவர்களும் கிட்டத்தட்ட இதையே சொல்லியிருக்கிறார்கள் என்பதால்தான் துணிந்து எழுதுகிறேன். அரசியல் அறிஞர் அசுதோஷ் வார்ஷ்னி இந்து-முஸ்லிம் கலவரம் அடிக்கடி நடந்த ஓர் இந்திய நகரம், பெரும்பாலும் அமைதியாக இருந்த இன்னொன்று என்று இரண்டிரண்டாக ஒப்பிட்டுப் பார்த்தார்: அலிகாருக்குக் கோழிக்கோடு, ஹைதராபாதுக்கு லக்னோ, அகமதாபாதுக்கு சூரத். அக்கம்பக்கத்தார் பண்டிகைக்குப் பலகாரம் மாற்றிக்கொள்வது நல்லதுதான். ஆனால் பெரிய நகரத்தில் ஒரு வதந்தி கிளம்பினால் அது தாங்குவதில்லை. வியாபாரிகள் சங்கம், தொழிற்சங்கம், வாசகர் மன்றம் என்று இரு தரப்பாரும் சேர்ந்து உட்கார்ந்து வேலை செய்கிற அமைப்பு இருந்தால் தாங்குகிறது என்பது அவர் கண்டது. மும்பைக்கு அருகே உள்ள விசைத்தறி நகரமான பிவண்டி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1984-இல் அங்கே பெரும் கலவரம். 1988-இல் அங்கே காவல் துணை ஆணையராக வந்த சுரேஷ் கோப்டே, தெருவுக்குத் தெரு இரு மதத்தவரும் அடங்கிய மொஹல்லா கமிட்டிகளை அமைத்தார். கலவரம் இல்லாத காலத்திலேயே அவர்களைக் கூட்டி, தண்ணீர், சாக்கடை, சில்லறைச் சண்டை என்று பேச வைத்தார். 1992-93-இல் மும்பை பற்றி எரிந்தபோது பிவண்டி அமைதியாக இருந்தது. அமைப்பு இருந்ததால் அமைதியா, அமைதியான ஊரில்தான் அமைப்பு வளருமா என்ற விவாதம் அறிஞர்களிடையே ஓயவில்லை. பிவண்டி அதற்கு முன் அமைதியான ஊர் இல்லை என்பதால் நான் முதல் கட்சியின் பக்கம் சாய்கிறேன்.

கோவையை இதன் எதிர்ப்பக்கமாகப் பார்க்கலாம். குண்டுவெடிப்புக்கு முன்பே அந்த ஊர் உள்ளுக்குள் பிளந்திருந்தது. 1997 நவம்பர் கடைசியில் ஒரு காவலர் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் இறந்தார்கள். பிப்ரவரியில் குண்டு வெடித்தபோது, யார் யாருக்குப் போன் செய்து 'உங்கள் தெருவில் எப்படி இருக்கிறது' என்று கேட்க முடியும் என்ற நிலை ஏற்கெனவே சிதைந்துவிட்டிருந்தது. அந்த ஊர் மெல்ல மெல்லத் தேறியது. பஞ்சாலையும் பம்பு செட்டும் நகைப் பட்டறையும் பல கைகள் சேராமல் ஓடாது என்பதும் அதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

பஹல்காமுக்கு வருகிறேன். ஏப்ரல் 22 அன்று பைசரன் புல்வெளியில் கொல்லப்பட்டவர்கள் 26 பேர். மதத்தைக் கேட்டுச் சுட்டார்கள் என்று உயிர் தப்பியவர்கள் சொன்னார்கள். இறந்தவர்களில் 25 பேர் சுற்றுலா வந்தவர்கள். ஒருவர் உள்ளூர்க் குதிரைக்காரர், ஒரு முஸ்லிம். மறுநாள் காஷ்மீர் முழுக்கக் கடையடைப்பு. தீவிரவாதத் தாக்குதலைக் கண்டித்துப் பள்ளத்தாக்கே இப்படிக் கடையடைத்தது ஏறக்குறைய 35 ஆண்டுகளில் அதுவே முதல் முறை. ஏப்ரல் 28-இல் சட்டமன்றம் சிறப்பாகக் கூடிக் கண்டனத் தீர்மானம் நிறைவேற்றியது. அங்கிருந்த 87 சுற்றுலாத் தலங்களில் 48 மூடப்பட்டன. இதன் பொருள் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கோடை விழா நேரத்தில் ஏற்காட்டில் பாதி இடங்களைப் பூட்டினால் உங்கள் ஜீப் ஸ்டாண்டில் அடுப்பு எரியுமா என்று யோசித்துப் பாருங்கள். உங்களிடம் வந்து அறை கேட்கிற அந்த இளைஞரின் வீட்டில் இப்போது அதுதான் நிலைமையாக இருக்கும். தினமும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ளும் கட்சிகளின் எம்.பி.க்களே 2025 மே மாதத்தில் ஏழு குழுக்களாகச் சேர்ந்து, இந்தியாவின் நிலையை எடுத்துச் சொல்ல வெளிநாடுகளுக்குப் புறப்பட்டார்கள். அதில் ஒரு குழுவுக்குக் கனிமொழி தலைவராக இருந்தார். அரசியலில் அது எத்தனை நாள் நீடிக்கும் என்று பந்தயம் கட்ட மாட்டேன். அவர்களும் 35 நாள் பை மாதிரிதான்.

இப்படிப்பட்ட தாக்குதல்களுக்குப் பிறகு பேசப்படும் 'மீள்திறன்' (அடிபட்டும் எழுந்து நிற்பது) என்ற சொல்லைப் பற்றி ஒரு புலம்பல். 2006 ஜூலை 11-இல் மும்பை மின்சார ரயில்களில் 11 நிமிடங்களுக்குள் ஏழு குண்டுகள் வெடித்து 180-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மறுநாள் காலையில் அதே ரயில்களில் அதே கூட்டம். மும்பையின் நெஞ்சுரம் என்று பத்திரிகைகள் எழுதின. ஒரு நாள் போகாவிட்டால் கூலி இல்லை என்பதால் போனவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். நெஞ்சுரத்தைப் பாராட்டிக்கொண்டே இருந்தால் செய்ய வேண்டிய வேலை நின்றுபோகும். 2008 நவம்பர் 26-இல் அதே நகரில் 166 பேர் கொல்லப்பட்ட பிறகுதான் தேசியப் புலனாய்வு முகமைக்கான சட்டம் வந்தது. தேசியப் பாதுகாப்புப் படைக்குச் சென்னை உட்பட நான்கு நகரங்களில் மையங்கள் வந்தன. மக்களின் மன உறுதி ஒரு பக்கம் இருக்கட்டும், ஆம்புலன்ஸ் எத்தனை நிமிடத்தில் வரும் என்பதையும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். உங்கள் மலைக்கு அது இன்னும் பொருந்தும்.

இன்னொன்று, இது என் துறை இல்லை, மனநல மருத்துவர்கள் சொன்னது. 2013-இல் பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்த பிறகு அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. அடுத்த ஒரு வாரம் தினமும் ஆறு மணி நேரத்துக்கு மேல் அந்தச் செய்திகளைப் பார்த்தவர்களுக்கு இருந்த பதற்றம், சம்பவ இடத்தில் இருந்தவர்களின் பதற்றத்தைவிட அதிகமாகப் பதிவாகியிருந்தது. உங்களிடம் வந்து எச்சரித்த இரண்டு பேரும் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஒரு மாதமாக அவர்கள் கைப்பேசியில் என்ன ஓடுகிறது என்று கேட்டுப் பாருங்கள். அதேபோல், உங்கள் விடுதிக்குப் பஹல்காமிலிருந்து தப்பி வந்த குடும்பம் ஏதாவது வந்தால், நடந்ததை விவரிக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். மனப்பாரம் இறங்கும் என்று ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்ல வைக்கும் முறை பலன் தருவதில்லை, சிலருக்குக் கெடுதலாகவும் முடிகிறது என்பது ஆய்வுகளில் உறுதியான விஷயம். வெந்நீரும் சாப்பாடும் கொடுங்கள், ஊருக்குப் போன் பேச வழி செய்யுங்கள், அவர்களாகப் பேசினால் கேளுங்கள்.

இனி அந்த அறை. இதில் சந்தேகத்துக்கு இடமில்லாத பகுதியை முதலில் சொல்கிறேன். அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு, மதம், சாதி, பிறப்பிடம் போன்றவற்றை மட்டும் காரணமாக்கிக் கடைக்குள்ளோ விடுதிக்குள்ளோ ஒரு குடிமகன் நுழைவதைத் தடுக்கக் கூடாது என்கிறது. விடுதி என்ற சொல்லே அந்தப் பிரிவில் இருக்கிறது. 19-ஆம் பிரிவு நாட்டில் எங்கும் போகவும் தங்கவும் உரிமை தருகிறது. 2019 பிப்ரவரி 14-இல் புல்வாமாவில் 40 மத்திய ரிசர்வ் போலீஸ் படையினர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் இருவர் தூத்துக்குடி, அரியலூர் மாவட்டங்களைச் சேர்ந்த நம் பிள்ளைகள். அதன் பிறகு பல ஊர்களில் காஷ்மீர் மாணவர்களும் சால்வை வியாபாரிகளும் தாக்கப்பட்டபோது, தாக்குதலையும் ஒதுக்கிவைப்பதையும் தடுக்க வேண்டும் என்று பல மாநிலத் தலைமைச் செயலாளர்களுக்கும் காவல்துறைத் தலைவர்களுக்கும் உச்ச நீதிமன்றம் ஒரு வாரத்தில் உத்தரவு போட்டது. ஆகவே வந்து சொன்னவர்களிடம், "சட்டம் இப்படி இருக்கிறது, என் லைசென்சுக்கு ஆபத்து" என்று நீங்கள் சொல்லலாம். வாக்குவாதத்தைவிட அது சீக்கிரம் வேலை செய்யும்.

அறை கொடுத்தால் பயங்கரவாதி தோற்றுவிடுவான் என்று மேடையில் பேசுவார்கள். அதில் எனக்கு நம்பிக்கை குறைவு. நீங்கள் கொடுத்ததும் மறுத்ததும் பைசரனில் சுட்டவனுக்குத் தெரியவே போவதில்லை. ஏற்காட்டுக்குத் தெரியும், அவ்வளவுதான்; அந்த அளவுக்கு அது முக்கியம். யாருக்கும் செய்வதுபோல அடையாள அட்டையின் நகலை வாங்கிக்கொள்ளுங்கள், பதிவேட்டில் எழுதுங்கள். வாடகையைக் குறைக்கவும் வேண்டாம், ஏற்றவும் வேண்டாம். யாராக இருந்தாலும் நடத்தையில் சந்தேகம் வந்தால் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். பிறந்த ஊரைச் சந்தேகமாக எழுதிக் கொடுக்காதீர்கள். பிறகு ஒரு காலையில் அவரை ஜீப் ஸ்டாண்டுப் பக்கத்து டீக்கடைக்குக் கூட்டிப்போய், 'இவர் நம்ம விடுதியில்தான் இருக்கிறார்' என்று நாலு பேரிடம் சொல்லுங்கள். உங்களை எச்சரித்த இருவரில் ஒருவராவது அங்கே டீ குடிக்கிற நேரமாகப் பார்த்துப் போங்கள். முகம் தெரிந்த ஆளைப் பற்றிப் புரளி பேசுவது கொஞ்சம் கடினம்.

மெழுகுவர்த்தியோடு நின்றவர்களில் பத்துப் பேரின் எண்களையாவது ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: ஜமாத்தில் ஒருவர், சர்ச்சில் ஒருவர், சேர்வராயன் கோயில் பக்கத்து மலைக் கிராமத்தில் ஒருவர், விடுதிக்காரர்கள், ஓட்டுநர்கள். அடுத்த முறை ஏதாவது நடந்து, வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றினால், முதல் அரை மணி நேரத்தில் அந்தத் தாள் வேண்டியிருக்கும். இடைப்பட்ட காலத்தில் அந்தப் பத்துப் பேரும் சேர்ந்து செய்ய ஒரு வேலை வேண்டும், இல்லாவிட்டால் தாள் பழசாகிவிடும். எனக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். மே மாதத்தில் கல்லூரிகள் மூடியிருக்கும். சேலத்தில் ரத்தம் குறைவது எப்போதும் இந்தச் சமயத்தில்தான். எல்லாரும் ஒரே நாளில் இறங்கி வராதீர்கள். வாரத்துக்கு இரண்டு பேர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி; வயது 18 முதல் 65, எடை 45 கிலோவாவது இருக்க வேண்டும், ஹீமோகுளோபின் 12.5. அந்தக் காஷ்மீர் இளைஞரை மட்டும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்காதீர்கள், விசுவாசத்தை நிரூபித்துக் காட்டு என்பதுபோல ஆகிவிடும். ஸ்டாண்டில் எல்லாரையும் கேட்கும்போது அவரையும் கேளுங்கள். வந்தால் வரட்டும், வராவிட்டால் விடுங்கள். கொடுத்து முடித்ததும் வெறும் வயிற்றோடு மலையேறாதீர்கள், 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. அரை மணி நேரம் உட்கார்ந்து, இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்து, ஏதாவது சாப்பிட்டுவிட்டு, பஸ்ஸில் முன்பக்கம் ஜன்னலோரமாக இடம் பிடித்து உட்காருங்கள்.